ஒரு கையால் திறக்கிற லேப்டாப்

அன்புள்ள ரேவதி,

இதை வேலை நேரத்தில் எடுத்துப் படிக்காதே. கணக்கையெல்லாம் மூடி வைத்து, பாப்பாவைத் தூங்கப் போட்டு, நீயும் ஒரு வாய் சாப்பிட்டு முடித்த பிறகு படி. அவசரமான சமாசாரம் ஒன்றுமில்லை. போனிலேயே சொல்லியிருக்கலாம்தான். ஆனால் போனில் உன்னிடம் பேச ஆரம்பித்தால் "சாப்டியா, பாப்பா தூங்குதா" என்பதைத் தாண்டி எனக்குப் பேச்சே வராது, அதற்குள் உன் அம்மா பக்கத்தில் வந்து நின்று போனைப் பிடுங்கிக்கொள்வாள். அதனால்தான் எழுதுகிறேன். நடந்ததில் பாதி உனக்கே தெரியும். தெரியாத பாதியையும் சேர்த்து முதலிலிருந்து சொன்னால்தான் எனக்குக் கோர்வையாக வரும். கொஞ்சம் பொறுத்துக்கொண்டு படி.

பிரசவத்துக்கு வந்து நம் வீட்டில் இருந்தாயே, பாப்பாவுக்கு முகம் பார்த்துச் சிரிக்கத் தெரிந்துவிட்ட சமயம். நான் கடையில் உட்கார்ந்து, ஒரு காதுகுத்துக்குப் போய்த் திரும்பிவந்த அண்டாக்களைத் தட்டிப் பார்த்துக்கொண்டிருந்தேன். வாடகைப் பாத்திரக் கடைக்காரனுக்கு அதுதானே பிழைப்பு. எது நெளிந்து வந்தது, எது கைப்பிடி ஆடி வந்தது என்று பார்க்காமல் ஒரு கரண்டியைக்கூட உள்ளே எடுத்து வைக்கமாட்டேன். நீ பாப்பாவைத் தோளில் போட்டுக்கொண்டு, செருப்புக்கூட இல்லாமல் ஓடிவந்தாய். "நைனா, ஆபீஸ்ல திரும்பக் கூப்டுறாங்க நைனா" என்றாய். கல்யாணமாகிப் பள்ளிப்பட்டுக்குப் போனதும் சென்னையில் நீ விட்டுவிட்டு வந்த அதே ஆடிட்டர் ஆபீஸ். வீட்டிலிருந்தே கணக்கு பார்க்கலாம், ஆனால் லேப்டாப் உன்னுடையதாக இருக்க வேண்டும், முதல் மாதம் எப்படிச் செய்கிறாய் என்று பார்த்துவிட்டுத்தான் நிரந்தரமாக வைத்துக்கொள்வோம் என்று சொல்லியிருந்தார்கள். அன்றைக்கு உன் முகத்தில் இருந்ததைப் பார்த்து வெகுகாலம் ஆகியிருந்தது எனக்கு. அது என்னவென்று சொல்லத் தெரியவில்லை. படித்த பெண், கெட்டிக்காரி, அவளைக் கொண்டுபோய் ஒரு வீட்டில் சும்மா உட்கார வைத்துவிட்டோமே என்று நான் உள்ளுக்குள் புழுங்கிக்கொண்டிருந்தது மட்டும் அந்த நிமிஷத்தில் எனக்கு நன்றாகத் தெரிந்துவிட்டது.

அன்று மாலையே உன் அம்மாவிடம் சொன்னேன். பாப்பாவை அழைத்துப் போகிற அன்று நாம் வைக்கிற சீரில் தங்கம் வேண்டாம், லேப்டாப் வாங்கிவிடலாம் என்றேன். இரண்டும் நம்மால் ஆகாது. வெள்ளி அரைஞாணும் கொலுசும் போடுவோம், செயினும் வளையலும் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்றேன். நீ உள்ளறையில் பாப்பாவைத் தூங்க வைத்துக்கொண்டிருந்தாய், உனக்குக் கேட்டிருக்காது. உன் அம்மா கையிலிருந்த முறத்தைக் கீழே வைத்துவிட்டு அழுதாள். "மொத பேத்தி. தட்டுல தங்கம் இல்லாம போனா அங்க இன்னா பேசுவாங்க? நாளைக்கு எம்பொண்ணுதான் கேட்டுகினு நிக்கணும்" என்றாள். அவள் சொன்னதிலும் நியாயம் இருந்தது. ஊர்ப் பேச்சுக்கு நான் பயப்படுவதில்லை என்று மார்தட்டிக்கொள்வேன், ஆனால் அந்தப் பேச்சு என் காதில் விழாது, உன் காதில்தான் விழும். கடைசியில் அவளே கண்ணைத் துடைத்துக்கொண்டு, "சரி, வாங்குறதுதான் வாங்குறீங்க, பெரிய தட்டா வச்சி, மஞ்ச குங்குமம் வச்சி, எல்லாரும் பாக்குற மாதிரி வையுங்க" என்றாள்.

அங்கேதான் எனக்கு ஸ்கூட்டர் நினைவுக்கு வந்தது. உன் கல்யாணத்துக்கு நான் வாங்கிக் கொடுத்தேனே, மாலை போட்டு மண்டபத்து வாசலில் நிறுத்தி வைத்தோமே, அந்த ஸ்கூட்டர். இப்போது உன் கொழுந்தன் அதில் தறிக்குப் பாவு நூல் ஏற்றிக்கொண்டு பொதட்டூர்பேட்டைக்கும் பள்ளிப்பட்டுக்கும் ஓடிக்கொண்டிருக்கிறான். நீ வயிற்றில் குழந்தையோடு ஆஸ்பத்திரிக்கு பஸ்ஸில் போனாய். அவர்கள் பிடுங்கிக்கொண்டார்கள் என்று நான் சொல்லமாட்டேன். நல்ல மனிதர்கள், உழைக்கிற குடும்பம், வீட்டுக் கூடத்திலேயே நான்கு பவர்லூம் ஓடுகிறது. கேட்டால் சாவியைக் கொடுத்துவிடுவார்கள். ஆனால் உன் வண்டிக்கு நீ போய்க் கேட்க வேண்டும், அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. சீராகத் தட்டில் போகிற பொருள் அந்த வீட்டுப் பொருளாகிவிடுகிறது. லேப்டாப்பும் அப்படி ஆகிவிட்டால், கொழுந்தன் அதில் கிரிக்கெட் பார்த்துக்கொண்டிருப்பான், நீ சமையலறையில் நின்றுகொண்டு அவன் எப்போது எழுந்திருப்பான் என்று பார்த்துக்கொண்டிருப்பாய். அந்த ஒரு மாதத்தில் வேலை போய்விடும்.

உனக்குச் சொல்லாமல் நான் மட்டும் பஜாரில் இருக்கிற கம்ப்யூட்டர் கடைக்கு ஒருமுறை போய்வந்தேன் என்பது உனக்குத் தெரியாது. கடைக்காரத் தம்பி என்னை உட்கார வைத்து, டீ வாங்கிக் கொடுத்து, கறுப்பாக, கனமாக ஒன்றை எடுத்து வைத்தான். திறந்ததும் விசைப்பலகை முழுக்க சிவப்பும் நீலமும் பச்சையுமாக விளக்கு ஓடியது. ஆடிக் கிருத்திகைக்கு மலைப்படி முழுக்க சீரியல் லைட் போட்டது போல இருந்தது. "பொண்ணுக்கா சார்? இத வாங்கினு போங்க, யாரும் கொற சொல்லமாட்டாங்க" என்றான். என் புத்தி அப்படியே அதில் விழுந்துவிட்டது. தட்டில் வைத்தால் எப்படி ஜொலிக்கும் என்று கணக்குப் போட்டேன். பையில் கையைக்கூட விட்டுவிட்டேன். அந்த நேரம் பார்த்து ஒரு கல்யாணக்காரர் பந்தல் விஷயமாகப் போன் செய்தார், நான் எழுந்து வந்துவிட்டேன். அவர் நன்றாக இருக்க வேண்டும்.

மறுநாள் அதைப் பற்றிப் பட்டும் படாமலும் உன்னிடம் கேட்டபோது நீ விழுந்து விழுந்து சிரித்தாய். "அது கேம் ஆடறவங்களுக்கு நைனா. எனக்கு எதுக்கு அவ்ளோ பவரு? கரண்ட் இல்லன்னா ரெண்டு மணி நேரம் தாங்காது" என்றாய். பிறகு பாப்பாவை மடியில் போட்டுக்கொண்டு எனக்குப் பாடம் எடுத்தாய். ரேம் என்பது பந்தியில் ஒரே சமயத்தில் எத்தனை இலை போடலாம் என்பது, ஸ்டோரேஜ் என்பது குடோன் எவ்வளவு பெரிது என்பது என்று நானே என் தொழிலுக்கு மாற்றிச் சொல்லிப் பார்த்தேன், "கரெக்ட்டு நைனா" என்றாய். குடோன் பெரிதாக வேண்டாம், சாமான் சட்டென்று கைக்கு வர வேண்டும், அதற்கு எஸ்எஸ்டி இருந்தால் போதும். பந்தி மட்டும் கொஞ்சம் தாராளமாக வேண்டும், ஏனென்றால் நீ ஒரே நேரத்தில் பத்துப் பதினைந்து கணக்கைத் திறந்து வைப்பாய். எண் விசைகள் வலது பக்கத்தில் தனியாக இருக்க வேண்டும், கணக்குப் பார்க்கிறவளுக்கு அது இல்லாமல் ஓடாது. தொட்டால் நகர்கிற திரை வேண்டாம், பளபளக்கும் திரையும் வேண்டாம். நீ சொல்லச் சொல்ல நான் உன்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். உனக்கு என்ன வேண்டும் என்று இப்படி உன்னையே கேட்டு உன் கல்யாணத்துக்கு ஒரு புடவைகூட நாங்கள் வாங்கவில்லையே என்று தோன்றியது.

பிறகு நாம் மூன்று பேருமாக அதே கடைக்குப் போனோம், நீ, நான், பாப்பா. தம்பி இந்த முறை டீ வாங்கவில்லை. நீ கேட்ட கேள்விகளில் அவனுக்கு அதற்கு நேரமில்லை. நீ ரேமைக் கேட்டாய், ப்ராசஸர் எந்த வருஷத்தது என்று கேட்டாய், பின்னால் தேவைப்பட்டால் இன்னொரு ரேம் போட இடமிருக்கிறதா என்று கேட்டாய். நான் எனக்குத் தெரிந்ததைச் செய்தேன். ஒவ்வொன்றையும் எடுத்து மூடியைத் திறந்து திறந்து மூடினேன், கீல் எங்கே விட்டுப்போகும் என்று பார்த்தேன், விரல் முட்டியால் தட்டினேன். "சார், அண்டா மாதிரி தட்டாதீங்க சார்" என்று அவன் கதறினான். கவிழ்த்துப் பார்த்தபோது அடியில் காற்று இழுக்கிற துளைகள் இருந்தன. உங்கள் வீட்டுக் கூடத்தில் பறக்கிற பஞ்சு எனக்கு நினைவுக்கு வந்தது. சம்மந்தி வீட்டுக்கு வந்தால் திரும்பிப் போகும்போது என் சட்டை வெள்ளையாக இருக்கும். அந்தப் பஞ்சு இதற்குள் போய் அடைத்துக்கொண்டால் என்ன ஆகும் என்று கேட்டேன். தம்பி யோசித்துவிட்டு, பின்மூடியை ஸ்க்ரூ கழற்றித் துடைக்கிற மாதிரி ஒன்றை எடுத்து வந்தான். சாம்பல் நிறம், விளக்கு கிடையாது, பார்வைக்கு ஒன்றுமில்லை. சர்வீஸ் சென்டர் திருவள்ளூரிலேயே இருக்கிறது, போய்விட்டு மத்தியானச் சாப்பாட்டுக்கு வீடு திரும்பிவிடலாம் என்றான்.

அதை வாங்கலாமா என்று நீ யோசித்துக்கொண்டிருந்தபோது பாப்பா சிணுங்கியது. பாப்பாவை வாங்க நான் கையை நீட்டினேன். நீ கொடுக்கவில்லை. இடுப்பில் ஏற்றி வைத்துக்கொண்டு, இன்னொரு கையால் மட்டும் அந்த மூடியைத் தூக்கிப் பார்த்தாய். அடிப்பாகம் மேசையிலிருந்து எழும்பாமல் மூடி மட்டும் அழகாகத் திறந்தது. மூடினாய், மறுபடியும் திறந்தாய். ஒரே கையால் தூக்கி அக்குளில் இடுக்கிக்கொண்டு கடைக்குள்ளேயே நான்கடி நடந்தாய், பாப்பா உன் தோளில் எச்சில் வழியவிட்டுக்கொண்டிருந்தது. "இதான் நைனா" என்றாய். கடைக்காரத் தம்பி சிரித்துவிட்டான். எனக்குச் சிரிப்பு வரவில்லை. நீ அந்த வீட்டில் உன் நாள் எப்படி இருக்கும் என்று முழுக்க நினைத்துப் பார்த்துவிட்டுத்தான் வந்திருக்கிறாய் என்று புரிந்தது.

இப்போது திரையில் விழுந்த அந்தக் கோட்டு விஷயத்துக்கு வருகிறேன். நீ எத்தனையோ முறை "வுடு நைனா" என்று சொல்லிவிட்டாய், நான் விடவில்லை. நம் கடையில் எதையும் பெயர் வெட்டாமல் வெளியே அனுப்புவதில்லை. அண்டா, தாம்பாளம், குவளை எல்லாவற்றிலும் அந்தச் சின்ன மெஷினை வைத்து எழுத்து வெட்டுவேன். நாலு வீட்டுப் பாத்திரம் ஒன்றாகக் கிடக்கும் இடத்தில் எது யாருடையது என்ற சண்டை வராமல் இருப்பது அந்த எழுத்தால்தான். உன் கல்யாணப் பாத்திரம் அத்தனையிலும் நான்தான் வெட்டினேன், எல்லாவற்றிலும் என் பெயர், பெண் வீட்டார் கொடுத்தது என்று தெரிய வேண்டுமே என்று. ஸ்கூட்டரை நினைத்து நினைத்து, அந்த மத்தியானம் நீயும் பாப்பாவும் தூங்கிக்கொண்டிருந்தபோது, லேப்டாப்பைக் கடைக்கு எடுத்துப்போய்ச் சாக்கின் மேல் மூடிய வாக்கில் வைத்தேன். மெஷினை ஓட்டினேன். வழக்கமாக முதலில் என் இனிஷியல்தான் கைக்கு வரும். அன்று கையை நிறுத்திக்கொண்டேன். என் எழுத்தும் வேண்டாம், மாப்பிள்ளை எழுத்தும் வேண்டாம் என்று, மேல்மூடியில் "ரேவதி" என்று மட்டும் வெட்டினேன். பித்தளையில் அழுத்துகிற அழுத்து பிளாஸ்டிக்குக்கு எதற்கு என்று அந்த மடப் புத்திக்குத் தோன்றவில்லை. எழுத்து நன்றாகத்தான் வந்தது. சாயங்காலம் நீ திறந்தபோது திரையின் வலது ஓரத்தில் மேலிருந்து கீழாகப் பச்சையாக ஒரு மெல்லிய கோடு ஓடியது.

கடைத் தம்பி பார்த்துவிட்டு, மேலே பெயர் வெட்டியிருக்கிறது, கம்பெனியில் வாரண்டிக்கு ஒப்புக்கொள்ளமாட்டார்கள் என்று கையை விரித்துவிட்டான். உன் அம்மா ஒரு நாள் முழுக்க என்னிடம் பேசவில்லை. நான் வேறு ஒன்று வாங்கிவிடுகிறேன் என்று குதித்தேன். நீ லேப்டாப்பை மூடி, அந்த எழுத்தின் மேல் விரலை வைத்துத் தடவினாய். "கோடு ஓரத்துலதான கீது நைனா, நம்பர்லாம் நல்லா தெரியுது. இனிமே இத யாரும் அவங்களுதுன்னு சொல்ல முடியாது" என்றாய். நீ என்னைச் சமாதானப்படுத்தத்தான் அப்படிச் சொன்னாயோ, நிஜமாகவே சொன்னாயோ, எனக்கு இன்றுவரை தெரியவில்லை. எதுவாக இருந்தாலும் அன்றிரவு எனக்குச் சோறு இறங்கியது அந்தப் பேச்சால்தான்.

அழைத்துப் போக அவர்கள் வேனில் வந்த அன்று தட்டில் வெள்ளி, துணி, பழம், பலகாரம் எல்லாம் இருந்தன. லேப்டாப் இல்லை. நீ அதை உன் தோள்பையில் போட்டுக்கொண்டிருந்தாய், ஒளிக்கவும் இல்லை, காட்டவும் இல்லை. உன் மாமியார் வேனில் ஏறும்போது பையைத் தொட்டு, "இதுல இன்னாம்மா இவ்ளோ கனம்?" என்று கேட்டார்கள். "என் வேலை அத்தே. அடுத்த வாரத்துலேர்ந்து வூட்லயே ஆபீஸ் வேல பாக்கப் போறேன்" என்றாய். மாப்பிள்ளை உன்னைப் பார்த்தார், பிறகு அவர் அம்மாவைப் பார்த்தார். அவருக்கு நீ முன்பே சொல்லியிருந்தாய் போல. அந்த அம்மா, "தறி வூட்ல எங்கம்மா ஆபீஸு?" என்று மட்டும் கேட்டுவிட்டு வேனுக்குள் போய் உட்கார்ந்தார்கள். அந்தக் கேள்வி எனக்குப் பிடிக்கவில்லை. வேன் திரும்பிப் போன பிறகு உன் அம்மாவிடம், "பார், ஒரு மாசத்துல மூட்ட கட்டி வச்சிடுவாங்க" என்று சொன்னேன். பாவம், அவளும் ஆமாம் என்றாள்.

உனக்குச் சொல்ல வேண்டியது கொஞ்சம் இருக்கிறது. லேப்டாப் உள்பக்கத்தில் ஒட்டியிருந்த பிளாஸ்டிக் தாளை உரித்துவிடு, இன்னும் உரிக்காமல் வைத்திருப்பாய் என்று எனக்குத் தெரியும். பொருள் உழைத்துத் தேயத்தான் வாங்குகிறோம், அலமாரியில் வைத்துக் கும்பிட அல்ல. மாப்பிள்ளை கேட்டால் கொடு, கொழுந்தன் கேட்டாலும் உனக்கு வேலை இல்லாத நேரமாக இருந்தால் கொடு, கொடுத்துவிட்டு மனதுக்குள் கணக்கு வைக்காதே. ஆனால் வேலை நேரத்தில் கேட்டால் இல்லை என்று சொல்லிப் பழகு. கோபமாக வேண்டாம், பந்தல் கேட்டு வருகிறவர்களிடம் அன்றைக்குக் காலியாக இல்லை என்று நான் சொல்வேனே, அது மாதிரி சிரித்துக்கொண்டே சொன்னால் போதும். அடிமூடியை மாதத்துக்கு ஒருமுறை கழற்றிப் பஞ்சைத் துடை. பாப்பாவுக்குப் பால் கொடுக்கும்போது கணக்குப் பார்க்காதே, இரண்டும் கெட்டுப்போகும். முதுகு வலித்தால் எழுந்து நட. இதையெல்லாம் உன் அம்மாவும் சொல்லச் சொன்னாள், நானாகச் சொல்வது போல எழுதிக்கொள்கிறேன்.

இனி நான் இதை எழுத உட்கார்ந்த காரணம். இந்த வாரம் ஒரு நாள் காலையில் கடையில் சும்மா உட்கார்ந்திருந்தபோது மனசு கேட்காமல் உனக்குப் போன் செய்தேன். நீ வேலை ஆரம்பித்து எப்படி இருக்கிறாய் என்று தெரியவில்லை, கேட்டால் "நல்லா கீறேன்" என்று ஒரே பதில்தான் சொல்வாய். நடுக்காலையில் செய்தால் நிஜம் தெரியும் என்று ஒரு திருட்டுப் புத்தி. போனை உன் மாமியார்தான் எடுத்தார்கள். நீ எங்கே என்று கேட்டேன், கொஞ்சம் அதட்டலாகவே கேட்டிருப்பேன். அடுத்து என்ன சண்டை போடலாம் என்று வாயில் தயாராக வைத்திருந்தேன்.

அந்த அம்மா குரலைத் தாழ்த்திக்கொண்டு, "ரேவதி மீட்டிங்ல கீதுங்க. அப்பறமா பண்ணச் சொல்றேங்க" என்றார்கள். பாப்பா எங்கே என்றேன். "எங்கிட்டதான் கீது, தூங்குது" என்றார்கள். அப்போதுதான் எனக்கு உறைத்தது. உங்கள் வீட்டுக்குப் போன் செய்தால் எப்போதும் கேட்கிற தறித் தடதடப்பு இல்லை. அந்த வீட்டில் பகலில் அது நின்று நான் கேட்டதே கிடையாது. கரண்ட் இல்லையா என்று கேட்டேன்.

"கரண்ட்லாம் கீதுங்க. மொத நாளு தறி சத்தத்துல ரேவதி பேசறது ஆபீஸ்காரங்களுக்குக் கேக்கலன்னு சொல்லிட்டாங்களாம், பொண்ணு மொகம் சுண்டிப் போச்சி. அதுலேர்ந்து மீட்டிங் இருக்கற நேரம் நாலு தறியும் நிறுத்திடறோம். ஓடறப்போ ஓடிக்கினு போவட்டும்" என்றார்கள்.

தறி நின்றால் கூலி நிற்கும் என்பது எனக்குத் தெரியாதா? ஒரு வார்த்தை நன்றி சொல்லியிருக்கலாம், போனைக் காதோடு அழுத்திப் பிடித்துக்கொண்டேன். அந்த அம்மாவும் போனை வைக்கவில்லை. தறி நின்ற அமைதியில் பக்கத்து அறையிலிருந்து உன் குரல் கேட்டது. எண்களைப் படித்துக்கொண்டிருந்தாய். யாரோ ஏதோ தப்பாகச் சொல்ல, "இல்ல சார், அது போன மாசத்து எண்ட்ரி" என்று திருத்தினாய், தயங்காமல், சத்தமாக. நீ வேலைக்குப் போன காலத்தில்கூட ஆபீஸில் எப்படிப் பேசுவாய் என்று நான் கேட்டதில்லை, ரேவதி. நானும் உன் மாமியாரும் ஆளுக்கொரு போனைக் காதில் வைத்துக்கொண்டு, நீ முடிக்கும்வரை கேட்டுக்கொண்டிருந்தோம்.

நைனா